இலவசப் பயணம் என்று அழைத்தார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்

கேள்வி: ஒரு கண்காட்சியில் குலுக்கலுக்காகக் கூப்பன் ஒன்றை நிரப்பிப் பெட்டியில் போட்டிருந்தோம். மூன்று வாரம் கழித்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, எங்களுக்கு விடுமுறைப் பயணம் பரிசாக விழுந்திருக்கிறது என்றார். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், ஒன்றரை மணி நேரம் போதும் என்றார். குழந்தையையும் அழைத்துக்கொண்டு போனோம். ஐந்து மணி நேரம் கழித்து, 25 ஆண்டு விடுமுறை உறுப்பினர் திட்டம் ஒன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தோம். முன்பணம் கிரெடிட் கார்டில் போய்விட்டது, மீதிக்கு மாதத் தவணை. இன்று ஆறாவது நாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. என் கணவரோ, “நம்மை எவ்வளவு மரியாதையாக நடத்தினார்கள், கையெழுத்துப் போட்ட பிறகு மாற்றிப் பேசுவது முறையா?” என்கிறார். இருவரும் படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா? பரிசாகக் கொடுத்த வவுச்சரையாவது பயன்படுத்திக்கொள்ளலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மின்னஞ்சல் வந்த அன்றே அவசரமான இரண்டு வரிகளைத் தனியாக அனுப்பிவிட்டேன். வவுச்சரைத் தொடாதீர்கள், ரத்துக் கடிதத்தை இன்றே எழுதி அனுப்புங்கள். நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராக, உங்களைப் போன்றவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். பெரும்பாலோர் மூன்று மாதம், ஆறு மாதம் கழித்துத்தான் வருகிறார்கள். வெட்கத்திலேயே அந்த மாதங்கள் கரைந்துபோயிருக்கும். நீங்கள் ஆறாம் நாளே எழுதிவிட்டீர்கள். அதுவே பாதிக் கிணறு தாண்டியது போல.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. இந்த விஷயத்தில் நாட்டுக்கு நாடு நாள் கணக்கு மாறும். எனவே எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். டைம்ஷேர் என்று நான் சொல்வது, விடுமுறை விடுதியில் ஆண்டுதோறும் சில நாள் தங்கும் உரிமையைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து விற்பதை; உங்கள் உறுப்பினர் திட்டமும் அந்த வகையறாதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008ஆம் ஆண்டின் டைம்ஷேர் நெறிமுறைப்படி, டைம்ஷேர் ஒப்பந்தமோ நீண்டகால விடுமுறைத் திட்டமோ எதுவானாலும் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகிவிடலாம். அந்த 14 நாளும் முடியும் முன் உங்களிடம் முன்பணம் வாங்குவதே தடை செய்யப்பட்டிருக்கிறது. விலகல் படிவத்தை அவர்கள் தராமல் விட்டிருந்தால் அவகாசம் ஓர் ஆண்டும் 14 நாளுமாக நீளும். பிரிட்டனிலும் 2010ஆம் ஆண்டு விதிகளின்படி அதே 14 நாள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் டைம்ஷேருக்கு 10 நாள். சிங்கப்பூரில் 5 நாள், சனி, ஞாயிறு, பொது விடுமுறைகள் அதில் சேராது. அமெரிக்காவில் ஹோட்டல் கூடம் போன்ற தற்காலிக இடங்களில் நடக்கும் விற்பனைக்குப் பொதுவாக 3 வேலைநாள் அவகாசம் உண்டு. டைம்ஷேருக்கு மாநிலச் சட்டங்கள் தனி: ஃபுளோரிடாவில் 10 நாள், கலிஃபோர்னியாவில் 7 நாள். நீங்கள் கலிஃபோர்னியாவில் இருந்தால் உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு நாள். உங்களுக்கு அவ்வளவு அவசரமாக எழுதியது அதனால்தான்.

இந்தியாவில் இந்த வகை விற்பனைக்கென்று சட்டம் கட்டாயமாக்கிய விலகல் அவகாசம் இல்லை. சில நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே ஒரு சில நாள்கள் எழுதிவைப்பதுண்டு, பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். முதலில் அதைத் தேடுங்கள். அது இல்லாவிட்டாலும் வழி அடைபட்டுவிடவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சொன்னபடி கொடுக்கும் எண்ணமில்லாமல் பரிசு அறிவிப்பதையும், விலையிலேயே அடங்கிவிட்ட ஒன்றை இலவசம்போல் காட்டுவதையும் நேர்மையற்ற வணிக முறை என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

இனி கடிதம். தொலைபேசியில் சொன்னால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அழைத்தீர்கள் என்றால் மிகக் கனிவான ஒரு குரல் வரும். “மேலதிகாரி திங்கட்கிழமை உங்களை அழைப்பார்” என்று சொல்லும். திங்கள் போய்ப் புதன் வரும், “கோப்பு மேலிடத்துக்குப் போயிருக்கிறது” என்பார்கள். அப்படியே கெடு கடந்துவிடும். பிறகு அதே குரல், “வருந்துகிறோம், ரத்து செய்யும் காலம் முடிந்துவிட்டது” என்று சொல்லும். இப்படி நாளைக் கடத்துவதற்கென்றே தனி மேசை வைத்திருக்கிறார்களோ என்று நினைக்கும் அளவுக்கு, வந்தவர்கள் எல்லோரும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

கடிதம் இவ்வளவுதான் இருக்க வேண்டும்: “இந்தத் தேதியில் நாங்கள் கையெழுத்திட்ட, இந்த எண்ணுள்ள உறுப்பினர் ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம். செலுத்திய தொகை முழுவதையும் திருப்பித் தாருங்கள். எங்கள் கார்டிலிருந்தோ வங்கிக் கணக்கிலிருந்தோ இனி எந்தத் தொகையும் எடுக்க எங்கள் சம்மதம் இல்லை. பரிசாகத் தந்த வவுச்சரைப் பயன்படுத்தவில்லை, பயன்படுத்தவும் போவதில்லை.” கீழே இருவரும் கையெழுத்திடுங்கள். ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கும்போது ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் அதையே சாக்காக்குவார்கள். ஏன் ரத்து செய்கிறீர்கள் என்று விளக்கிப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். காரணம் சொன்னால் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். ரத்துக்கென்று ஒப்பந்தத்தில் எந்த முகவரி, எந்த முறை கொடுத்திருக்கிறதோ அதே முறையில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, ஒப்புகையுடன் பதிவுத் தபாலில் ஒன்று என்று மூன்றாக அனுப்புங்கள். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அன்றே கார்டு கொடுத்த வங்கிக்கும் எழுதுங்கள். ரத்து செய்த ஒப்பந்தத்துக்கான தொகை என்று ஆட்சேபம் தெரிவிக்க வங்கிகளில் நடைமுறை உண்டு, அதற்கும் காலக்கெடு உண்டு. மாதத் தவணை விஷயத்தில் கவனம் வேண்டும். பல இடங்களில் அது வேறொரு நிதி நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த தனிக் கடன். நீங்கள் கையெழுத்திட்ட காகிதக் கட்டுக்குள் அந்தக் கடன் ஒப்பந்தமும் இருக்கும். ஐரோப்பிய நெறிமுறைப்படி உறுப்பினர் ஒப்பந்தத்திலிருந்து விலகினால் அதோடு இணைந்த கடனும் தானாக முடிந்துவிடும். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. எனவே கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். உங்கள் கடன் வரலாற்றில் கறை விழும். கடன் கொடுத்தவருக்கும் ரத்துக் கடிதத்தின் நகலை அனுப்பி, பதிலை எழுத்தில் கேளுங்கள்.

“நேரில் வாருங்கள், ரத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம்” என்று அழைப்பார்கள். போகாதீர்கள். அங்கே உங்களுக்காக இன்னொரு மேசை காத்திருக்கும்.

இப்போது உங்கள் கணவருக்காக எழுதுகிறேன். அவர் சொல்வதில் பிழை காண எனக்கு மனம் வரவில்லை. சொன்ன சொல் மாறக் கூடாது என்று நினைக்கிறவர், தன்னை மரியாதையாக நடத்தியவர்களுக்கு நன்றியோடு இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர். இப்படிப்பட்ட மனிதருக்கு வலை விரிப்பதற்காகவே அந்தக் கூடம் அமைக்கப்பட்டிருந்தது. நம் மொழியில் இதற்கு முகதாட்சண்யம் என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல முடியாமல் போவது. அந்தக் கூடத்தில் விற்பனைக்கு வைத்திருப்பது விடுமுறை, விளைச்சலாக எடுப்பது இந்த முகதாட்சண்யத்தைத்தான்.

அன்று நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் இல்லாததையும் நான் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். உள்ளே போனதும் குழந்தையை விளையாட்டு மூலைக்கு அழைத்துப் போயிருப்பார்கள். அன்பான ஏற்பாடுதான். ஆனால் குழந்தை வேறிடத்தில் இருக்கும்போது நீங்கள் சட்டென்று எழுந்து வெளியேற முடியாது. உங்களுக்கு மேசையில் குடிக்க ஏதோ வந்திருக்கும். முதல் அரை மணி நேரம் விலையைப் பற்றிப் பேச்சே இருந்திருக்காது. எங்கே வேலை, கடைசியாக எப்போது வெளியூர் போனீர்கள், போக முடியாமல் போனது ஏன் என்று கேட்டிருப்பார்கள். நீங்கள் மனம்விட்டுச் சொன்ன ஒவ்வொரு பதிலும் இரண்டு மணி நேரம் கழித்து உங்களிடமே திரும்பி வந்திருக்கும்: “வருடம் முழுக்க உழைக்கிறேன், குழந்தையோடு நாலு நாள் இருக்க முடியவில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?” நடுநடுவே பக்கத்து மேசையில் கைத்தட்டல் கேட்டிருக்கும், யாரோ சேர்ந்துவிட்டார்கள் என்று.

பிறகு வெள்ளைத் தாள் வந்திருக்கும். ஒரு பெரிய தொகையை எழுதி, உங்கள் முகம் வாடுவதைப் பார்த்து, அதன் குறுக்கே ஒரு கோடு. அடுத்த தொகை. மறுபடியும் கோடு. அப்புறம் மேலாளர் என்று ஒருவர் வந்து, இன்று இங்கேயே சேர்ந்தால் மட்டும் என்று சொல்லி மூன்றாவதாக ஒரு தொகையை எழுதிச் சுற்றிலும் வட்டம் போட்டிருப்பார். யோசித்துவிட்டு நாளை வருகிறோம் என்றால் அந்த விலை கிடையாது. வீட்டுக்குப் போய் இருவரும் நிதானமாகப் பேசினால் தாங்காத விலை என்பதால்தான் அந்த அவசரம்.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. மனித மனம் இந்த இடங்களில் எப்படி வளைகிறது என்பதை ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே சோதித்துவிட்டார்கள். 1971இல் டென்னிஸ் ரீகன் என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனையில், சிலருக்கு மட்டும் உடனிருந்தவர் கேட்காமலே ஒரு கோகோ கோலா வாங்கிவந்து கொடுத்தார். பிறகு அவரே, தன்னிடம் குலுக்கல் சீட்டு வாங்கும்படி கேட்டார். குளிர்பானம் வாங்கிக் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சீட்டு வாங்கினார்கள். கொடுத்தவரைப் பிடித்திருந்ததா இல்லையா என்பதுகூடக் குளிர்பானம் குடித்தவர்களிடம் பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. கடன்பட்ட உணர்வு ஒன்றே போதுமானதாக இருந்தது.

1975இல் ராபர்ட் சியால்டினியும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்த சோதனை அந்த வெள்ளைத் தாளுக்கு அப்படியே பொருந்தும். சீர்திருத்தப் பள்ளிச் சிறுவர்களை ஒரு நாள் விலங்குக் காட்சிசாலைக்கு அழைத்துப் போக முடியுமா என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். சம்மதித்தவர்கள் சுமார் 17 சதவீதம். வேறு சிலரிடம் முதலில், இரண்டு ஆண்டு காலம் வாரம் இரண்டு மணி நேரம் அந்தச் சிறுவர்களுக்காக ஒதுக்க முடியுமா என்று பெரிதாகக் கேட்டார்கள். முடியாது என்றார்கள். உடனே அதே காட்சிசாலை வேண்டுகோளை வைத்தபோது பாதிப் பேர் சம்மதித்தார்கள். எதிரே இருப்பவர் இறங்கி வந்ததுபோல் தோன்றினால் நாமும் ஒருபடி இறங்கிவிடுகிறோம். உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள். முதல் இரண்டு தொகைகளும் உங்களுக்கு விற்பதற்காக எழுதப்பட்டவையே அல்ல, அடித்துக் காட்டுவதற்காக எழுதப்பட்டவை.

ஆகவே, மரியாதைக்கு நன்றிக்கடன் என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. உங்கள் குடும்பம் ஐந்து மணி நேரத்தை அவர்களுக்குக் கொடுத்தது. பரிசு என்று சொன்னது அந்த நேரத்துக்கு அவர்கள் குறித்துவைத்த கூலி. அதையும் முழுதாகக் கொடுக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் என்று சொல்லிக் கூப்பிட்டு ஐந்து மணி நேரம் உட்காரவைத்தவர்கள்தான் முதலில் சொல் மாறியவர்கள். சட்டம் கொடுத்த அவகாசத்துக்குள் விலகுவது சொல் மாறுவது ஆகாது. இப்படிப்பட்ட கூடங்களில் எடுத்த முடிவு முடிவே அல்ல என்பதை உணர்ந்துதான் அந்த அவகாசத்தையே சட்டமாக எழுதிவைத்தார்கள்.

“நாங்களாகவே விரும்பிக் கையெழுத்திடுகிறோம், பணத்தைத் திரும்பக் கேட்க மாட்டோம்” என்று கடைசியில் ஒரு தாளிலும் எழுதி வாங்கியிருக்கலாம், செல்பேசியில் பதிவும் செய்திருக்கலாம். ஐரோப்பிய நெறிமுறையின் கீழ் வரும் ஒப்பந்தம் என்றால் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; விலகும் உரிமையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. மற்ற இடங்களில் அந்தத் தாளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். காட்டாமலே தோற்றுவிட்டதாக முடிவு செய்யாதீர்கள்.

அந்த வெள்ளைத் தாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கையெழுத்து முடிந்ததும் விற்பனையாளர் அதை இயல்பாக மடித்துத் தன் கோப்பில் வைத்துக்கொள்வார். வாக்குறுதிகளெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கும்: எப்போது கேட்டாலும் அறை, வேண்டாம் என்றால் நாங்களே விற்றுத் தருவோம், ஆண்டுக் கட்டணம் ஏறாது. அச்சடித்த ஒப்பந்தத்தில் இவற்றில் ஒன்றுமே இருக்காது. “வாய்மொழியாகச் சொன்ன எதற்கும் நிறுவனம் பொறுப்பல்ல” என்ற ஒரு வரி மட்டும் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பதியர் என்னிடம் வந்தார்கள். விளையாட்டு மூலையில் இருக்க மாட்டேன் என்று அழுத அவர்கள் மகள், அம்மா மடியில் உட்கார்ந்து அந்தத் தாளின் பின்பக்கத்தில் ஒரு படகு வரைந்திருந்தாள். தாளை எடுக்கப் போனபோது அவள் விடவில்லை. எல்லோர் எதிரிலும் குழந்தையின் கையிலிருந்து பிடுங்க அந்த விற்பனையாளருக்கும் மனம் வரவில்லை போலும். படகுக்குப் பின்னால் அவர் கைப்பட எழுதிய மூன்று வாக்குறுதிகள் இருந்தன. எதிர்த் தரப்பின் கைக்கு அதன் நகல் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் பணம் முழுவதும் திரும்பி வந்தது. உங்களிடமும் அப்படி ஒரு தாள், ஒரு புகைப்படம், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குறுஞ்செய்தி, எது இருந்தாலும் எடுத்துவையுங்கள். எதுவுமே இல்லை என்றால், இன்றிரவு நீங்களும் உங்கள் கணவரும் தனித்தனியே உட்கார்ந்து, அங்கே யார் என்ன சொன்னார்கள் என்று நினைவிலிருந்து எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். சூட்டோடு எழுதிய குறிப்புக்கு மதிப்பு உண்டு.

வவுச்சரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதன் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். போக்குவரத்துச் செலவு உங்களுடையது. வரியும் சேவைக் கட்டணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும். மூன்று தேதிகள் எழுதி அனுப்ப வேண்டும், அவற்றில் எதையும் ஏற்காமல் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. விடுமுறைக் காலமும் வார இறுதியும் பொருந்தாது. குறித்த நாளுக்குள் பதிவு செய்யாவிட்டால் காலாவதி. இத்தனை வேலிகளையும் தாண்ட முடியாமல் பலர் பாதியிலேயே விட்டுவிடுவார்கள் என்ற கணக்கில்தான் இதைக் கை நிறைய அள்ளிக் கொடுக்க முடிகிறது. உங்களுக்குக் கொடுத்ததில் இவற்றில் இரண்டு நிபந்தனை இருந்தாலே போதும், அது பரிசு அல்ல. இந்தத் தந்திரத்தை ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் நேரடியாகவே கண்டித்தது. பரிசு விழுந்துவிட்டது என்று ஒருவரிடம் சொன்ன பிறகு, அதைப் பெற அவர் ஒரு தபால்தலைக்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை என்றாலும், அந்தச் சிறு செலவைக்கூட அவர் தலையில் சுமத்தக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பு. உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வவுச்சரைப் பயன்படுத்தினால், திட்டத்தின் பலனை அனுபவித்துவிட்டீர்கள் என்று சொல்லித் திருப்பித் தரும் தொகையில் கை வைப்பார்கள். எனவே அதை ஒப்பந்தத்தோடு ஒரே உறையில் போட்டு வைத்துவிடுங்கள்.

ரத்து செய்யாமல் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று உங்கள் கணவர் கேட்கலாம். உறுப்பினர் தொகை ஒரு முறைதான். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமோ 25 ஆண்டும் வரும், நீங்கள் போனாலும் போகாவிட்டாலும். அதை உயர்த்தும் உரிமை ஒப்பந்தத்தில் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள், உச்சவரம்பு ஏதும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விற்றுவிடலாம் என்று நினைத்தால் வாங்க ஆள் கிடைப்பது அரிது. அப்போதுதான் அடுத்த அழைப்பு வரும். “உங்கள் உறுப்பினர் உரிமையை நல்ல விலைக்கு வாங்க ஒருவர் தயாராக இருக்கிறார், பதிவுக் கட்டணம் மட்டும் முன்னால் கட்டுங்கள்” என்பார்கள். ஒரு முறை ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது. உங்கள் எண்ணும் அதில் ஏறியிருக்கலாம். பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்டு யார் அழைத்தாலும், அது வழக்கறிஞர் அலுவலகம் என்று சொல்லிக்கொண்டாலும், ஒரு காசு கொடுக்காதீர்கள்.

படித்தவர்கள் ஏமாந்துவிட்டோமே என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூப்பனில் வேலையும் வருமானமும் கேட்டிருப்பார்களே, ஏன்? அவர்களுக்கு வேண்டியது நிலையான சம்பளமும் கடன் வாங்கும் தகுதியும் உள்ளவர்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்துதான் வர வேண்டும் என்று வற்புறுத்தியதும், வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வர வழியில்லாமல் செய்வதற்காகத்தான். என் மேசைக்கு எதிரே ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பொறியாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு முறை வங்கி மேலாளர் ஒருவரும். உங்கள் தங்கையிடமோ நெருங்கிய தோழியிடமோ இதைச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டிலும் அதே கூப்பனை யாராவது நிரப்பியிருக்கக்கூடும்.

கடிதத்தை அனுப்பியதும் எந்த நாடு, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்பதை எனக்கு எழுதுங்கள். ஒப்பந்தத்தின் கடைசி இரண்டு பக்கங்களையும் கடன் தாள்களையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்புங்கள். 14 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.